ஒரே ஒரு எழுத்து! விலையோ பல லட்சம் டாலர்!
பழைய அமெரிக்க கார் விற்பனையில் அசல் எது, வேஷம் எது?

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் அதே மஞ்சள் பெயிண்ட். அதே மடக்குக் கூரை. சாவியைத் திருப்பினால் அதே உறுமல்!

ஆனால் ஒன்று, கோடீஸ்வரர்கள் போட்டி போட்டு ஏலம் கேட்கிற கார். மற்றொன்று, அதைப் போல வேஷம் கட்டிய கார். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு எழுத்து!

அமெரிக்காவில் பழைய "மஸில்" கார்கள் விற்பனைக்கு வரும்போது நடக்கிற கதை இது. விவரம் வருமாறு:-

தேங்காய் மூடி என்ஜின்!

1960-களின் நடுவில் அமெரிக்க கம்பெனிகளுக்கு ஒரு வெறி பிடித்தது. நடுத்தர சைஸ் காரில் ராட்சத என்ஜினைத் தூக்கி வைத்து, இளைஞர்களுக்கு விற்றார்கள். அவைதான் "மஸில்" கார்கள். 1970-களின் தொடக்கம் வரை இந்த மோகம் நீடித்தது.

அவற்றில் பெயர் போனது பிளிமத் கம்பெனியின் "ஹெமி கூடா". பாராகூடா என்பது ஒரு மீனின் பெயர். மீன் கடையில் சீலா என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே ஜாதிதான்!

என்ஜின் 426 கன அங்குலம். அதாவது 7 லிட்டர். கம்பெனி சொன்ன சக்தி 425 குதிரை. பிஸ்டனுக்கு மேலே உள்ள அறை, தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல அரை உருண்டையாக இருக்கும். அதனால்தான் "ஹெமி" என்று பெயர்.

வாங்க ஆள் இல்லை!

இன்றைக்கு அடித்துக் கொள்கிறார்களே தவிர, அன்றைக்கு இதை வாங்க ஆள் இல்லை. 1970-ல் இந்த என்ஜினுக்கு மட்டும் தனியாக சுமார் 870 டாலர் கட்ட வேண்டும். காரின் விலையில் ஏறக்குறைய கால் பங்கு! போதாக்குறைக்கு, வேகமான கார் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தீட்டி விட்டன.

விளைவு? மடக்குக் கூரை வைத்த ஹெமி கூடா 1970-ம் வருட மாடலில் 14 தான் வந்தது. 1971 மாடலில் ஒரு டஜனுக்கு மேல் இல்லை. அந்த மாடலோடு கூரை மடக்கும் பாராகூடாவும் போயிற்று, ஹெமி என்ஜினும் போயிற்று. 1974-ல் பாராகூடாவே மூட்டை கட்டியது.

ஆனால் 2014-ம் வருடம் சியாட்டில் நகரத்தில் நடந்த "மீக்கம்" ஏலத்தில், 1971 மாடல் ஹெமி கூடா ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அடேயப்பா!

டெலிவிஷனில் வந்ததும் வேஷம்தான்

பணம் புரளும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? சாதாரண என்ஜினோடு வந்த பாராகூடாவில் ஹெமியை இறக்கி, ஸ்டிக்கர் ஒட்டி, பெயிண்ட் அடித்தால் முடிந்தது.

"நாஷ் பிரிட்ஜஸ்" என்ற டெலிவிஷன் தொடரில் (1996 முதல் 2001 வரை) போலீஸ் அதிகாரி ஓட்டிய மஞ்சள் நிற ஹெமி கூடாவும் அப்படித்தான். படப்பிடிப்புக்கு வந்தவை எல்லாம் சாதாரண கார்களுக்கு வேஷம் கட்டியவை!

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. "இது நகல்" என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் அது மோசடி. நம்பர் தகட்டையே மாற்றினால் அமெரிக்காவில் மத்திய சட்டப்படி குற்றம். கம்பி எண்ண வேண்டியதுதான்!

கண்டுபிடிப்பது எப்படி?

டிரைவர் பக்கம், முன் கண்ணாடிக்கு உள்ளே, டாஷ்போர்டு மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். 13 இலக்கம். அசல் 1971 கார் என்றால் "பி.எஸ்.27 ஆர்." என்று ஆரம்பிக்கும். பி. என்றால் பாராகூடா. எஸ். என்றால் "கூடா" ரகம். 27 என்றால் மடக்குக் கூரை. அந்த ஆர். எழுத்துதான் ஹெமி என்ஜின்! அந்த இடத்தில் ஜி. இருந்தால் 318 கன அங்குல சாதா என்ஜின். 27-க்குப் பதில் 23 இருந்தால், கூரையை அறுத்த கார் என்று அர்த்தம்.

தகடு ஒன்று போதாது. அதன் கடைசி இலக்கங்கள் என்ஜினிலும், கியர் பாக்சிலும், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் குத்தப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே இன்னொரு தகடு. அதில் "இ 74" என்று இருந்தால் ஹெமி. தொழிற்சாலையில் போட்ட ஆர்டர் காகிதம் சில கார்களில் சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகிக் கிடக்கும். மக்கிப்போன அந்தக் காகிதம் கிடைத்தால் அதுதான் புதையல்!

நகல் என்றால் வேண்டாமா?

அப்படியும் இல்லை. "புதுப்பித்தது" என்றால் பழையபடியே ஆக்கியது. "மேம்படுத்தியது" என்றால் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏ.சி., ஐந்து கியர் என்று இந்தக் காலத்து வசதிகளைச் சேர்த்தது. 35 லட்சம் டாலர் காரை ஷெட்டில் பூட்டித்தான் வைப்பார்கள். மேம்படுத்திய நகலையோ கூரையை மடக்கிவிட்டு, குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம். பிரேக்கும் பிடிக்கும்!

ஆனால் நகலுக்கு நகலின் விலைதான் கொடுக்க வேண்டும். பெயிண்ட்டுக்கு அடியில் தரைத் தகடும் டிக்கியும் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கூரை இல்லாத காருக்கு அடிப்பாகம்தான் முதுகெலும்பு. அது போனால் எல்லாம் போச்சு.

பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கூட ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸ் நம்பரையும் வைத்து ஒத்துப் பார்ப்பார். பல லட்சம் டாலர் கொடுப்பவர், உறுமலைக் கேட்டு மயங்கி, அதை மறந்து விடுகிறார். ஆயுள் பூராவும் சேர்த்த காசு ஒரு எழுத்தில் போய்விடும்.

என்ஜினை மாற்றலாம். பெயிண்ட்டை மாற்றலாம். பிறந்த நம்பரை மாற்ற முடியாது. சாவியைத் திருப்பும் முன் தகட்டைப் படியுங்கள்!