வங்கிக்கு ஒரு கணக்கு, வரிக்கு இன்னொரு கணக்கு

அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் கடை வைத்திருக்கும் எம்மவர்களில் பலர் வங்கிக் கடனுக்குப் போகும்போது ஒரு வருமானத்தைச் சொல்கிறார்கள். இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் வேறொரு வருமானத்தைச் சொல்கிறார்கள். முன்னர் இந்த இரண்டு தாள்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இனி அப்படி இருக்கும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம்.

2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, ஆணையாளர் நாயகம் எழுத்து மூலம் கேட்டால் வங்கியும் லீசிங் கம்பனியும் தம்மிடமுள்ள தகவலைக் கொடுத்தாக வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு, சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டினால், வரி வருமானத்தைக் கூட்டுவது அரசாங்கத்துக்குக் கட்டாயமாயிற்று. 2024இல் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்று வந்ததும் இதன் தொடர்ச்சிதான். (இலக்கம் எடுத்த எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்பது தவறான எண்ணம்.)

'கிரிப்' என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவானது. யார் எங்கே எவ்வளவு கடன்பட்டார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதைக் கடன் கொடுப்போருக்குச் சொல்வது அதன் வேலை. வரி அதிகாரிக்கு அது கூடத் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட்ட கடன் விண்ணப்பம் வங்கியின் பைலிலேயே இருக்கிறதே!

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பலசரக்குக் கடையில் மாதம் 15 இலட்சத்துக்கு வியாபாரம் நடக்கிறது. வருடத்துக்கு 180 இலட்சம். நூற்றுக்கு எட்டு நின்றால் 14 இலட்சத்து 40 ஆயிரம். கடை வாடகை, கையாள் சம்பளம், கரண்ட் பில் கழித்தால் இன்னும் குறையும். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. ஆகவே இந்த முதலாளி ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் லொறி லீசிங் எடுக்க அவர் "மாத வருமானம் மூன்று இலட்சம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால்? வருடத்துக்கு 36 இலட்சம். வரிக்குரியது 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், மிகுதி 3 இலட்சத்துக்கு 24 வீதம் என்று பார்த்தால் 2,22,000 ரூபா. உழைக்காத காசுக்கு வரி!

பல இடங்களில் படிவத்தை நிரப்புவது வியாபாரி அல்ல, கடன் பிடித்துக் கொடுக்கும் ஆள்தான். "இப்படிப் போட்டால்தான் நானா பாஸாகும்" என்பார். கையெழுத்து மட்டும் நம்முடையது.

தோட்டப்புற வியாபாரத்தில் இன்னொரு சிக்கல். சம்பள நாள் வரை பற்றுக் கொப்பியில் சாமான் போகிறது. கொடுத்ததெல்லாம் கைக்கு வருவதில்லை. கெப்பட்டிபொலவுக்கு மரக்கறி அனுப்பும் கமிஷன்காரரின் கணக்கில் பல இலட்சம் விழும், அன்றைக்கே தோட்டக்காரருக்குப் போய்விடும். அவருக்கு மிஞ்சுவது கமிஷன் மட்டுமே. வங்கிக் கூற்றை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இது விளங்க நியாயமில்லை. திணைக்களமும் மலையகத்துச் சிறு வியாபாரம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அறிந்து வைத்திருப்பது நல்லது என்பேன். அதுவரை பற்றுக் கொப்பியும் பில் கட்டும்தான் நமக்குச் சாட்சி. மாதம் முடிந்ததும் கொப்பியைக் கிழித்து அடுப்பில் போடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இது இங்கு மட்டும் நடப்பதல்ல. இந்தியாவில் 2021 முதல் ஒருவரின் வட்டி, பங்கு, பெரிய பணக் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் வருடாந்தக் கூற்றாக வருமான வரித் துறையே திரட்டி அவருக்கே காட்டுகிறது. நம் நாட்டில் அந்தளவு வசதி இன்னும் இல்லை. நம்மைப் பற்றி எழுதியிருப்பதை நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்குக் கிரிப் அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். உங்கள் கடன் மட்டுமல்ல, மச்சானுக்கோ கூட்டாளிக்கோ பிணை நின்ற கடனும் அதிலே இருக்கும். மார்ச் 31இல் முடியும் வரி வருடத்தின் விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அந்த அறிக்கையையும் கடன் படிவத்தின் பிரதியையும் எடுத்து, கடைக் கணக்குப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.