கரையோடு நடை – 11: சங்குப் பூ

ஆனி மாதத்தில் தூத்துக்குடிக் கடலிலிருந்து சூரியன் ஆறு மணிக்கே எழுந்துவிடும். தை மாதத்தில் ஆறரை தாண்டும். வாடை அடிக்கும் மாதங்களில் கிடைக்கும் இந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிய சொத்து. ஐந்தரைக்குக் கரையில் நின்றால் ஏறக்குறைய ஒரு மணி நேர அரையிருட்டு கையில் இருக்கும். துறைமுகத்து விளக்குகள் அணையாமல் எரியும். வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள் ஒளிப்புள்ளிகளாக வரிசை கட்டி நிற்கும். வல்லங்களின் எஞ்சின் சத்தம் காற்றில் வந்து வந்து போகும்.

சென்ற வாரம் திரேஸ்புரத்து ஏலத்தில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து வடக்கே, தருவைக்குளம் பக்கம் போகிற கரையில் நடக்கலாம். கையில் கேமரா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் போதும்.

இந்தக் கரைக்கு நான் கேமராவோடு வரத் தொடங்கிய முதல் வருடம் சூரியனை மட்டுமே எடுத்தேன். சூரியனும் வல்லமும், சூரியனும் கொக்கும், சூரியனும் வலை இழுப்பவர் நிழலும். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எது எந்த நாளில் எடுத்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எல்லாம் ஒரே காலை போல இருக்கும்.

அந்த வருடத்துத் தை மாதத்தில்தான், அடிவானம் சிவந்ததைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்த என்னை ஒரு குரல் நிறுத்தியது.

"தம்பி, மிதிச்சிராதீங்க. சங்குப் பூ கெடக்கு."

சொன்னவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சங்கு குளித்தவர். இருபது வயதில் மூச்சடக்கி இறங்கியவர், பிறகு கம்ப்ரஸர் காற்றை வாயில் கடித்துக்கொண்டும் இறங்கியவர். காது இரண்டும் மந்தம். அவர் குனிந்து எடுத்துக் காட்டிய பொருள் பூவே இல்லை. ஒரு சாண் நீளத்தில், ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கிக்கொண்டு, வளையம் வளையமாக அடுக்கிய பழுப்பு நிறக் கூடு. தொட்டால் ஊறவைத்த தோல் மாதிரி இருந்தது. தாய்ச்சங்கு மணலில் அடியை ஊன்றி வைத்து இடும் முட்டைக்கூடு அது. ஒவ்வொரு வளையமும் ஓர் அறை. உள்ளே முதலில் பொரிந்த குஞ்சுகள் பொரியாத முட்டைகளைத் தின்று வளரும். தேறியவை கூட்டின் பக்கத்துத் துளை வழியாக மணலுக்கு இறங்கும்போது சுண்டுவிரல் நகத்தளவில் முழுச்சங்காகவே இருக்கும், சுருளும் வாயும் எல்லாம் சேர்ந்து. தை, மாசியில் அலை இந்தக் கூடுகளைப் பெயர்த்துக் கரையில் போடும்.

அவர் கூட்டை உலுக்கிப் பார்த்தார். ஓர் அறையிலிருந்து ஒரு சங்குக் குஞ்சு என் உள்ளங்கையில் விழுந்தது. செத்துப்போன குஞ்சு. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. வங்காளத்துப் பெண்களின் கையில் வளையாக ஏறுகிற, கோயில் வாசலில் ஊதுகிற, இந்தக் கடல் ஊர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு சோறு போட்ட அதே சங்கு. என் வாழ்நாளில் சங்கைக் குஞ்சாகப் பார்த்தது அன்றுதான்.

அன்று சூரியனை எடுக்கவில்லை. அது எப்போது எழுந்தது என்றே கவனிக்கவில்லை.

அதன் பிறகு கேமராவைத் தரையோடு வைக்கப் பழகினேன். கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: விடிந்து முதல் அரை மணி நேரத்துக்கு வெளிச்சம் மணலைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும். சிறு பள்ளத்துக்கும் அப்போது நிழல் உண்டு. இரவில் என்ன நடந்தது என்று மணலில் படிக்க முடியும். உப்புக்கொத்தி நாலடி ஓடி நின்று, மறுபடி நாலடி ஓடிய தடம். நண்டு குழியைச் சுற்றிக் கதிர்க்கதிராகப் பரப்பிய மணல் உருண்டைகள். மணலை வாயில் போட்டு அதில் ஒட்டியிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டி எறிந்தவை அவை. எட்டு மணிக்கு வெயில் மேலே ஏறினால் நிழல் செத்துவிடும். அதே மணல் வெறும் மணலாகிவிடும். அதற்குள் அலையும் வந்து அழித்திருக்கும்.

கணவாய் ஓட்டைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று தருவது அதுதான். அது நுரை உறைந்தது என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு அது. நுண்ணிய அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்து, கணவாய் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்ளும். உடைந்த விளிம்பைக் காலை வெயிலுக்கு எதிரே பிடித்து நெருங்கி எடுத்துப் பாருங்கள். அடுக்கு அடுக்காக, மாடிக் கட்டடம் போலத் தெரியும்.

முத்துச்சிப்பிக்கும் அந்த வெயில்தான் வேண்டும். வெளிப்புறம் பழுப்புக் கோடுகள் ஓடிய சாதாரண ஓடு. திருப்பினால் உள்ளே முத்தின் அதே பூச்சு. கண்ணுக்குத் தெரியாத தகடுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருப்பதால்தான் வெளிச்சம் அதில் பச்சையும் இளஞ்சிவப்புமாக உடைகிறது. உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளையாக வெளிறிப் போகும். சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் நிறம் பிடிபடும். 1955 முதல் 1961 வரை வருடந்தோறும் இந்தச் சிப்பிக்காக இங்கே கடலில் இறங்கினார்கள். தூத்துக்குடி கண்ட கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு அதுதான். அதன்பின் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி பழையபடி நிறையவே இல்லை. இப்போது கரையில் ஒரு முத்துச்சிப்பி ஓடு கிடைத்தால் நான் முழங்காலிட்டுத்தான் எடுக்கிறேன்.

எடுக்கிறேன் என்றது படத்தை. ஓட்டை அங்கேயே விட்டுவிடுவேன். பவளத்துண்டு, கடல்குதிரை, ஐவிரல் சங்கு போன்றவற்றை வீட்டுக்கு எடுத்துப் போவது சட்டப்படி குற்றம். 2001இல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காலிச் சங்கு எதுவும் இந்தக் கரையில் அதிக நாள் காலியாக இருப்பதில்லை. முனிவன் நண்டு தேடி வந்து குடியேறிவிடும். அதன் வீட்டை நாம் ஷோகேஸில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இனி, பார்த்ததைத் தேதியோடு எழுதி வைப்பதற்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1973 ஜனவரி 14. பொங்கலை ஒட்டிய நாள். தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையில் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. எண்ணிப் பார்த்தவர்கள் 147 என்று எழுதி வைத்தார்கள். எண்ணியவர்கள் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள். அவர்களில் ஒருவர் க. அழகர்சாமி. அதே 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், இந்தியாவிலேயே முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியவரும் அவர்தான். முத்துக்காகத்தான் உலகம் அவரை நினைக்கிறது, அது நியாயமும்கூட. எனக்கு அவரிடம் மரியாதை அதிகமானது அந்த ஜனவரிக் குறிப்பைப் படித்த பிறகு. முத்து ஆராய்ச்சிக்கும் ஒதுங்கிய திமிங்கிலத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவரும் கூட இருந்தவர்களும் கரைக்குப் போனார்கள், எண்ணினார்கள், அளந்தார்கள், ஆய்விதழில் பதிந்தார்கள்.

நாற்பத்து மூன்று வருடம் கழித்து, 2016 ஜனவரி 11, 12 தேதிகளில், ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு என்று அதே கரையில் அதே இனம் மறுபடி ஒதுங்கியது. இம்முறை எண்பதுக்கும் மேல். மீனவர்கள் விடிய விடியப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்தன. அந்தக் கடற்கரையில் நின்ற ஊர்க்காரர்களுக்கு இது புதிய அதிர்ச்சி. பழைய குறிப்பைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சியோடு ஒரு கேள்வியும் இருந்தது: அதே மாதம், அதே கரை, அதே இனம் என்றால் இந்தக் கடலின் அமைப்பிலோ நீரோட்டத்திலோ ஏதாவது இருக்கிறதா? 1973இல் யாரும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் 2016இல் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

தீவுகளின் கதையும் இதுவேதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. நான் நிற்கும் கரைக்கு எதிரே இருந்த விலங்குசல்லி ஒன்று, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி மற்றொன்று. வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்கக் கடலுக்குள் இருந்த மதில் போனது, மண் கரைந்தது. அந்த 21இல் இன்னொன்றான வான் தீவு 1969இல் 16 ஹெக்டேர் இருந்தது. 2015இல் 2 ஹெக்டேருக்கும் குறைவு. பிறகுதான் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் தீவைச் சுற்றிச் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். 1969இல் யாரோ அளந்து வைத்த கணக்கு இல்லாவிட்டால், தீவு தேய்ந்தது என்று மீனவர் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்? அனுமதி இல்லாமல் இந்தத் தீவுகளுக்குள் போகக்கூடாது. அதனால் கரையிலேயே ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை, ஒரே திசையில் படம் எடுக்கிறேன். அழகான படங்கள் என்று சொல்ல மாட்டேன். அடிவானத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். எனக்கு அவை முக்கியம்.

எடுக்கக் கூடாத படங்களும் உண்டு. உப்பளத்துப் பூநாரை கழுத்தை நிமிர்த்திவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கூட்டத்தை எழுப்பிப் பறக்கவைத்து எடுக்கிற படம் அதன் காலை உணவைப் பறிக்கிறது. முட்டையிட ஏறும் பங்குனி ஆமையின் முகத்தில் பிளாஷ் அடிக்கவே கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கரை நமக்கு நடைபாதை, மீனவருக்கு வேலையிடம். மீன் பிரிக்கிற அம்மாவிடம் "எடுக்கலாமாம்மா?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்காமல் எடுத்துவிட்டு நகர்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மனம் கூசுகிறது.

சங்குப் பூவுக்குத் திரும்புகிறேன். போன வருடம் பெரியவரை வலை காயப்போடும் இடத்தில் பார்த்தேன். படங்களைக் காட்டினேன். சூரியன்களைப் பேசாமல் தள்ளிக்கொண்டே வந்தவர் சங்குப் பூ வந்ததும் செல்போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"இது எப்ப எடுத்தது?"

தேதி சொன்னேன்.

"அமாவாசைக்கு முன்னயா, பின்னயா?"

கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்குக் காத்து எது?"

தெரியவில்லை.

"காத்து தெரியாம எப்பிடிச் சொல்ல? பார்ல சிப்பி இருக்கும், சங்கு இருக்காது. சங்கு பூச்சி மணல்ல கெடக்கும். பூச்சியத் தின்னுதான அது வளருது. வாடையும் நீவாடும் (நீரோட்டமும்) ஒரே பக்கம் இழுத்தா வடக்க உள்ள மணல்லருந்து வந்திருக்கும். கொண்டல் காத்தா இருந்தா நேர எதுத்தாப்ல, எட்டு ஒம்போது பாகம் ஆழத்துல கெடந்தது. நீங்க காத்த எழுதலயே தம்பி."

அவர் ஆய்விதழ் எதையும் படித்தவரில்லை. ஒரு கூட்டை வைத்து அது கிடந்த ஆழத்தைச் சொல்லத் தேவையான எல்லாவற்றையும் அவர் கேட்டுவிட்டார், நான் குறித்து வைக்காத ஒன்று உட்பட.

இந்த ஞாயிறு காலைக் குறிப்பு, என் நோட்டில் உள்ளபடி:

மணி 6.20. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். வாடை, மெதுவாக. தண்ணீர் கலங்கல். சங்குப் பூ மூன்று: இரண்டு காலி, ஒன்றில் அறைகள் மூடியபடி. மூடியதைப் பக்கத்தில் பத்துப் பைசா நாணயம் வைத்து எடுத்தேன். முழங்கால் அளவு நீரில் இறங்கி, அடிப்பக்கத்தை மணலில் ஊன்றிவிட்டு வந்தேன்.