ஒரே படியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறட்டும்

நடை பழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி எடுத்து வைக்கும்? நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரன் அடால்ஃபின் குழு இதை எண்ணிப் பார்த்தது. ஒன்று முதல் ஒன்றரை வயதுவரையுள்ள குழந்தைகளை விளையாட்டுச் சாமான்கள் இருந்த கூடத்தில் விட்டுவிட்டுப் படம் பிடித்தார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், 17 முறை விழுதல். நடந்த தூரம் சுமார் 700 மீட்டர். 2012இல் வெளியான ஆய்வு இது.

அந்த 700 மீட்டருக்கு நம் வீட்டுக் கூடத்தில் இடமில்லை. சோபா, டீப்பாய், துணி காயும் கொடி போக மிஞ்சுவது நாலு எட்டுதான். வெளியே கத்திரி வெயில், இல்லையென்றால் ஐப்பசி மழை. ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதனால்தான் சனி, ஞாயிறுகளில் மால்களின் விளையாட்டுக் கூடங்கள் முன்னால் குட்டிச் செருப்புகள் குவிகின்றன.

அந்தக் கூடங்களைக் குறைசொல்ல முடியாது. மெத்தைப் படிகள், சறுக்கு மரம், பந்துத் தொட்டி எல்லாமே உடலுக்குப் பாடம் எடுப்பவை. உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. குழந்தை சுழலும்போது அந்தத் திரவம் ஒரு கணம் பின்தங்கி, நுண்ணிய உணர்மயிர்களை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குத் தெரிவது அப்படித்தான். பந்துத் தொட்டியில் ஒவ்வோர் அடிக்கும் பந்துகள் எதிர்த்துத் தள்ளுவதால், கை, கால்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவல் தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் கூடுதலாகப் போகிறது. விழுந்தாலும் அடிபடாததற்குக் காரணம் மெத்தை அமுங்குவது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதுபோல, அது குழந்தையைச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு நிறுத்துகிறது. நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும்.

மெத்தைப் படியில் ஏறும் இரண்டு வயதுக் குழந்தையை அருகில் நின்று பாருங்கள். விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும். ஒரு காலை மட்டும் நீட்டிக் கீழ்ப்படியை அமுக்கிப் பார்க்கும். அமுங்குகிறது என்று தெரிந்ததும் திரும்பி, வயிற்றைப் படியோடு ஒட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கும். இறங்கியதும் மறுபடி மேலே. அடுத்த முறை கையை ஊன்றி, அதற்கடுத்த முறை உட்கார்ந்தபடி. நமக்கு அது ஒரே விளையாட்டு. குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் வேறு சோதனை.

இங்கேதான் காசு குறுக்கே வருகிறது. மால் கூடங்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்ற தவிப்பில், “அங்க டிராம்போலின் இருக்கு பாரு, வா” என்று பெற்றோர் குழந்தையைப் படியிலிருந்து பிரித்து இழுத்துப்போகிறார்கள். அவர்கள்மீது தப்பில்லை, கடிகாரம் விரட்டுகிறது. ஆனாலும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மிகப் பெரிய விஷயம், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் அவகாசம், அங்கே பறிபோகிறது.

பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லிக்கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. எலிசபெத் பொனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளிடம் ஒரு புதுப் பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் கீச்சிடும் குழாய், ஒளிந்திருக்கும் கண்ணாடி என்று பல வித்தைகள். “இது எப்படி வேலை செய்கிறது பார்” என்று கீச்சொலியை மட்டும் செய்துகாட்டியபோது, குழந்தைகள் பெரும்பாலும் அதையே செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். தற்செயலாகத் தட்டியதுபோல் காட்டியபோதோ, மற்ற வித்தைகளையும் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

நேரக் கட்டணம் இல்லாத இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் நிற்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து படப் புத்தகம் புரட்டக் காசு வேண்டாம். அங்கே ஓடிப் பிடிக்க முடியாது, உண்மைதான். ஆனால் கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரே பக்கத்தை எத்தனை முறை புரட்டினாலும் கேட்பாரில்லை. அதே காந்தி மண்டபம் சாலையில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. மூன்று வயதுக்கு அங்கே விதிகள் புரியாது. புரிய வைக்கவும் வேண்டாம். தொட்டு இயக்கும் காட்சிப்பொருள் ஒன்றின் முன்னால் நிற்க விடுங்கள். விளக்கப் பலகையை வாசித்துக்காட்டும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த வளாகத்திலேயே உள்ள கோளரங்கத்தின் இருட்டு சின்னஞ்சிறுசுகளை அழவைக்கலாம். அது இன்னும் சில வருடம் காத்திருக்கட்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று போய் ஏமாற வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

இவை எதுவும் பக்கத்தில் இல்லாத ஊர்களே அதிகம். அங்கே இருப்பவர்களுக்கு மாடிப்படி உள்ள அத்தை வீடு போதும். கீழ்ப்படியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டால் சரி. நாலைந்து அட்டைப் பெட்டிகளைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நகர்த்தவும் அடுக்கவும் பிரிக்கவும் முடிகிற பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் படைப்பூக்கமும் கூடும் என்று ஆங்கிலேயக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இலேயே எழுதினார். என் அனுபவத்தில் ஃபிரிட்ஜ் வந்த பெட்டிக்கு இணையான விளையாட்டுச் சாமான் கிடையாது.

மாலுக்கே போவதென்றால் வேலைநாள் காலையில் போங்கள்; கூட்டம் குறைவு, இடித்துத் தள்ளும் பெரிய பிள்ளைகளும் பள்ளியில் இருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் குழந்தை எதில் ஒட்டிக்கொள்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சிகிச்சை நிலையங்களின் பந்துத் தொட்டிகளைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தரக்கூடிய பாக்டீரியாக்களும் அகப்பட்டன. ஆகவே பந்துகளைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று பொறுப்பாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வெளியே வந்ததும், தின்பண்டத்தைப் பிரிக்கும் முன்னால், குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.