வேட்டைக்கு எந்தத் தோட்டா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டி ஏற்றிய லாரி மெல்ல ஊர்கிறது. மோட்டார் சைக்கிள் பறக்கிறது. எதன் மோதல் வலியது? எடையையும் வேகத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் அல்லவா? துப்பாக்கிக் குண்டுக்கும் இதே விதிதான்.

வேட்டை நடந்த காலத்து ரைபிள்கள் இரண்டை ஒப்பிடுவோம். நம் ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்ட கென்னத் ஆண்டர்சனிடம் இருந்தது .405 வின்செஸ்டர். ஜிம் கார்பெட்டிடம் .275 ரிக்பி. எண்கள் குழலின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பன.

முதலாவதன் குண்டு சுமார் 19.4 கிராம், வேகம் வினாடிக்கு 670 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,400 ஜூல். இரண்டாவதற்கு 9 கிராம், 840 மீட்டர். ஆற்றல் 3,200 ஜூல். எடை பாதிக்கும் குறைவு. ஆற்றலோ முக்கால் பங்கு! வேகத்தின் வர்க்கம் செய்த வேலை இது.

அப்படியானால் பெரிய தோட்டாவே மேலா? நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவு கூருங்கள். குண்டு முன்னே பாய, துப்பாக்கி தோளைப் பின்னே உதைக்கும். சம எடைத் துப்பாக்கிகளில் .405இன் உதைப்பாற்றல் சுமார் 3 மடங்கு. உதைக்கு அஞ்சினால் குறி தவறும். மான், காட்டுப்பன்றி போன்ற நடுத்தர விலங்குகளுக்குச் சிறிய தோட்டாவே போதும்.

குறி தவறினால் என்ன? 1907இல் கார்பெட் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி சுமார் 436 பேரைக் கொன்றது. அதன் கோரைப்பற்களை உடைத்தது யாரோ சுட்ட பழைய குண்டு என்கிறார் அவர். அதை வீழ்த்தியதற்குப் பரிசாகக் கிடைத்ததே அந்த .275 ரைபிள்!

இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கணக்கு மட்டும் நமக்கு மிச்சம்.