மருந்து ஏற்றியபின் காய்ச்சலா? காத்திருக்க வேண்டாம்!

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் தெற்கே போகும் வண்டிக்காக, ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி நிற்கும் குடும்பங்களைக் காணலாம். காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் செல்பவர்கள் இவர்களில் உண்டு. வேறு சிலர் கொல்கத்தாவிலேயே சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலோ, 2011-ல் திறந்த டாடா மெடிக்கல் சென்டரிலோ சிகிச்சை பெறுகிறார்கள். எங்கே மருந்து ஏற்றினாலும், வீடு திரும்பிய பிறகு வரும் இரண்டு வாரங்கள் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் காலமாகும்.

வெள்ளணு குறையும்போது...

புற்றை அழிக்கும் மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமிகளோடு போராடும் 'நியூட்ரோஃபில்' வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்துவிடுகின்றன. மைக்ரோ லிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கினால் ஆபத்து. அந்நிலை பத்து நாட்களுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை நிமோனியா வரக்கூடும். ரத்தப் புற்று நோயாளிகளுக்கே இந்த அபாயம் அதிகம்.

'ஆஸ்பர்ஜில்லஸ்' என்ற பூஞ்சை ஈரச் சுவரிலும், வைக்கோலிலும், மக்கிய குப்பையிலும், கட்டடம் இடிக்கும் தூசியிலும் இருக்கிறது. எல்லோரும் தினமும் சுவாசிப்பதுதான். நல்ல உடலில் அது ஒன்றும் செய்யாது; வெள்ளணு குறைந்தவரின் நுரையீரலில் வேரூன்றிவிடும்.

'நியூமோசிஸ்டிஸ்' என்பது இன்னொரு வகை. அதுவும் பூஞ்சையே என்று 1988-ல் தெரிந்தது. சாதாரண கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை அதைத் தடுக்கும் என்பதை 1977-லேயே அமெரிக்காவில் புற்றுநோய்க் குழந்தைகளிடம் சோதித்து நிரூபித்தார்கள். யாருக்கு அது தேவை என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

100.4 டிகிரி

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் அவசியம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் காய்ச்சல் மறையும், நோய் மறையாது. வறட்டு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் ஆகியவையும் அறிகுறிகளே. எக்ஸ்ரேயில் முதலில் தெரியாதது சி.டி. ஸ்கேனில் தெரியக்கூடும். காலத்தோடு கண்டுபிடித்தால் வோரிகோனசோல் போன்ற மருந்துகள் உண்டு.

மழைக்காலத்தில் சுவர் ஓதமேறும் வீடுகளில் நோயாளியை உலர்ந்த, காற்றோட்டமான அறையில் படுக்க வைக்க வேண்டும். ஒட்டடை அடிப்பது, சுவர் சுரண்டுவது, தொட்டி மண்ணைக் கிளறுவது ஆகிய வேலைகளை அவரை விட்டுச் செய்யக்கூடாது.

வேலூர் டாக்டரை மறுபடி பார்க்க ஒரு மாதம் இருக்கலாம். காய்ச்சல் அதுவரை காத்திருக்காது. மருந்து ஏற்றிய தேதி எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டோடு, அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் சென்று, "கீமோ எடுத்தவர்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்.