உள்ளே ஆறாத புண்

கண்டியிலிருந்து கலஹா செல்லும் வீதியில் இறங்கித் தேயிலைத் தோட்டத்தினூடே மலையேறினால் நில்லம்ப தியான நிலையத்தை அடையலாம். அங்கே பல ஆண்டுகள் ஆசிரியராக விளங்கிய கொட்வின் சமரரத்ன காவியுடுத்த துறவி அல்லர். கண்டியில் நூலகராகப் பணியாற்றியவர். 2000ஆம் ஆண்டில் மறைந்த அவர், தம் உரைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுண்டு. நாம் சுமந்து திரியும் பழைய மனக்காயங்களை ஆற்றுவது எங்ஙனம் என்பதே அது.

இக்காயங்களுட் பல இளமையிற் பட்டவை. தாய் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளைத் தோட்டப்புற ஆசிரியர் யாவரும் அறிவர். அப்பிள்ளை அழுவதில்லை, சொன்னபடி கேட்கும், ‘நல்ல பிள்ளை’ என்று பெயரும் எடுத்துவிடும். முப்பது ஆண்டுகள் கழித்து, மனைவி சிறிது நேரம் பேசாதிருந்தாலே அவர் கைவிடப்பட்டவர்போற் பதறுகிறார். காரணம் அவருக்கே தெரிவதில்லை. 1983ஆம் ஆண்டு வன்செயலைச் சிறுவயதிற் கண்ட சிலருக்கு இன்றும் இரவிற் கதவு தட்டும் ஓசை ஆவதில்லை.

சமரரத்ன காட்டிய வழி கேட்பதற்கு எளியது. செய்வதற்கு அத்துணை எளிதன்று. அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். பழைய துயரம் எழுந்தால் அதனைத் துரத்தலாகாது. அதன் கதையைத் தொடர்ந்து ஓடவும் ஆகாது. யார் செய்தார், ஏன் செய்தார் என்னும் வழக்கை ஒத்திவைத்து, இப்பொழுது உடலில் எங்கே இறுக்கம், தொண்டையிலா நெஞ்சிலா என்று நோக்க வேண்டும். வந்த உணர்ச்சியை நண்பனைப்போல் சற்று இருக்க விடவேண்டும். நாம் நமக்கே ஓயாது குறைப்புள்ளி இட்டுக்கொள்கிறோம் என்பது அவர் அடிக்கடி கூறிய கருத்து. விடைத்தாள் திருத்துவோருக்கு இது நன்கு விளங்கும். சிறுவயதிற் பிறர் இட்ட சிவப்புக் கோட்டை இன்று நம் கையாலேயே அழுத்தி வரைகிறோம்!

அதன் பின்னரே அன்பு. பாளி மொழியில் ‘மெத்தா’ எனப்படும் இப்பயிற்சி தன்னிடமிருந்தே தொடங்குகிறது. எச்சமயத்தாரும் இதனைப் பயிலலாம். அன்றைய சிறுவனை, சிறுமியை மனக்கண்முன் நிறுத்தி, அப்போது எவரும் கூறாத ஆறுதலை இன்று நாமே கூறலாம். பிறரை மன்னிக்கும் பேச்சு அதற்கும் பிந்தியது. மன்னித்தல் என்பது நேர்ந்த கொடுமையைச் சரியென ஒப்புவதன்று. அவசரப்பட்டு மன்னிப்போர் புண்ணை மூடிக் கட்டுகிறார்கள் என்றே தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் நூலொன்றுக்கு ‘மனவடு’ என்று பெயரிட்டார். வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். அது மறைவதில்லை, தொட்டால் நோவதும் இல்லை. நாம் நாடத்தக்கது அந்நிலையே.

ஆயினும் தனியே அமர்ந்து பார்க்கத் தகாத காயங்களும் உள. கண்ணை மூடியவுடன் பழைய காட்சி நேரில் நிகழ்வதுபோல் நடுக்குமாயின், உறக்கம் கெடுமாயின், உயிர்மேல் வெறுப்புத் தோன்றுமாயின், உடனே நிறுத்திவிடுங்கள். அரசினர் வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம்.