பீர்க் குவளையில் தண்ணீர்ப் பாடம்

கடைத்தொகுதி ஒன்றின் முன்வாசலில், உள்ளூர் பீர் ஆலை ஒன்று சில வாரங்களுக்கு மட்டும் சின்ன மதுக்கூடம் ஒன்றைத் திறந்திருந்தது. ஆறு மேசைகள், நான்கு பீர்க் குழாய்கள், அவ்வளவுதான். நான் மது அருந்துவதில்லை. எழுபதைத் தாண்டிய சித்தப்பா கூப்பிட்டதால், இஞ்சிச் சோடாவோடு துணைக்கு உட்கார்ந்தேன்.

பீர் ஊற்றிய இளைஞரிடம் சித்தப்பா கேட்டார்: “தம்பி, கழிவுநீர்ல பீர் காய்ச்சுனாங்களாமே, நெசமா?”

“நெசம்தான் அங்கிள். ஆனா அது நாங்க இல்ல.”

அவர் சொன்னது ‘நியூபுரூ’ பற்றி. பொதுப் பயனீட்டுக் கழகமும் புருவர்க்ஸ் என்ற உள்ளூர் பீர் ஆலையும் சேர்ந்து நியூவாட்டர் கொண்டு தயாரித்த பீர் அது. 2018ல் அறிமுகமாகி, 2022 ஏப்ரலில் பேரங்காடிகளில் விற்பனைக்கு வந்தது. சித்தப்பா முகத்தைச் சுளித்தார். இளைஞர் சிரித்துக்கொண்டே ஒரு சிறிய குவளையில் வெறும் தண்ணீரை வைத்தார். “இது நாங்க பீர் காய்ச்சுற தண்ணி. குடிச்சுப் பாருங்க.”

ஊருக்கு ஒரு ருசி

பீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் எல்லாம் எஞ்சிய சிறு பங்குக்குள் அடக்கம். அதனால் தண்ணீரில் கரைந்துள்ள தாது உப்புகள் பீரின் சுவையை மாற்றுகின்றன.

இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அதிலுள்ள சல்பேட், ஹாப்ஸின் கசப்பைத் தூக்கிக் காட்டும். செக் நாட்டின் பில்சன் நகரத்து நீரில் உப்புகள் மிகக் குறைவு. அங்கே 1842ல் பிறந்த பில்ஸ்னர் பீர் மென்மையானது. அந்தக் காலத்தில் ஊர்த் தண்ணீர்தான் ஊரின் பீரைத் தீர்மானித்தது.

இன்று பல ஆலைகள் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டன. முதலில் தண்ணீரிலிருந்து உப்புகளை எடுத்துவிடுகிறார்கள். பிறகு வேண்டிய பீருக்கு ஏற்ப ஜிப்சம், கால்சியம் குளோரைடு போன்றவற்றை அளந்து சேர்க்கிறார்கள். பர்ட்டன் நீரை இங்கேயே உருவாக்கலாம், பில்சன் நீரையும் உருவாக்கலாம்.

உப்புகளை எடுக்கும் முறைக்கு எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பெயர். உயர் அழுத்தத்தில் தண்ணீரை ஒரு சவ்வின் வழியே தள்ளுவார்கள். நீர் மூலக்கூறுகள் நழுவிவிடும். உப்புகள், பாக்டீரியா, கிருமிகள் பின்தங்கிவிடும்.

அதே சவ்வுதான்

நியூவாட்டரின் இதயமும் இதே சவ்வுதான். ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் மூன்று படிகளைத் தாண்டுகிறது: நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர். அதன்பின் பீர் காய்ச்சும்போது பார்லிச் சாறோடு சேர்ந்து சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவும் செய்கிறது. சவ்வுக்குத் தண்ணீரின் பூர்வீகம் தெரியாது. அளவும் மின்னேற்றமும் பார்த்துத்தான் எதையும் தடுக்கும். தண்ணீரின் பழைய கதையை நினைவில் வைத்திருப்பது நம் மனம்தான்.

அந்த மனத்தடையைக் கடக்கவேண்டிய காரணம் நமக்கு உண்டு. ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1962 ஒப்பந்தம் 2061ல் முடிவடைகிறது. இன்று நாட்டின் தண்ணீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை நியூவாட்டரால் ஈடுகட்ட முடியும். பெரும்பகுதி சில்லுத் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் கட்டமைப்புகளுக்கும் போகிறது. வறண்ட காலத்தில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள். அதாவது, நம் வீட்டுக் குழாய்க்கும் அது ஓரளவு வந்து சேர்கிறது.

இதை நான் சொன்னதும் சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு 1963ஐப் பற்றிச் சொன்னார். மழை பொய்த்துத் தண்ணீருக்குப் பங்கீடு வந்த ஆண்டு அது. சிறுவனாக அம்மாவோடு வாளி தூக்கி வரிசையில் நின்றாராம்.

“அப்ப எந்தத் தண்ணின்னு யாருடா கேட்டா? கெடைச்சாப் போதும்னு இருந்துச்சு.”

குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

“ஒண்ணுமே இல்லையே, தம்பி!”

“அதான் அங்கிள் வேணும்,” என்றார் இளைஞர்.